வேலிக்கு அந்தப் பக்கத்து முல்லை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே வளையல் சத்தம் கேட்கும். வேலிக்கு மேலாக ஒரு கை நீளும். அந்தக் கையில் பாதாம் இலையில் சுருட்டிய பொட்டலம் இருக்கும். இலையைப் பிரிக்கும் முன்பே வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். நெருக்கமாகக் கட்டித் தண்ணீர் தெளித்த முல்லைச் சரம். உங்கள் அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொண்டையில் செருகிக்கொண்டு, அடுப்பைப் பார்க்கப் போவாள். அவள் நடக்க நடக்க வாசனையும் கூடவே நடக்கும். நான் ஷிப்டு முடிந்து வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பேன். அந்தக் காபி கசக்கும். என் வீட்டுக்காரி தலையில் இன்னொருவர் வீட்டுப் பூ. ஒரு வெள்ளிக்கிழமை இல்லை, இரண்டு வெள்ளிக்கிழமை இல்லை, ஒரு வருஷத்துக்கு மேலாக இதே கதை.

நீங்கள் டிரைவர் பெரியப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தீர்களே, அவர் வீட்டுப் பூதான் அது. உங்களுக்கு அவர் கமர்கட்டு வாங்கிக் கொடுத்தவர், இன்ஜினில் தூக்கி ஏற்றி விசில் கம்பியை இழுக்க விட்டவர். எனக்கு அவர் முதலில் முல்லைப் பந்தல்காரர், மற்றதெல்லாம் பிறகு. வெள்ளைக்காரன் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். ராயபுரம் கூட்ஸ் யார்டுக்குப் பின்னால் இருந்த ரயில்வே லைன் வீடுகளில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு. நான் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளத்தைத் திருப்பிவிடுவது என் வேலை. அவர் ஷண்டிங் இன்ஜின் டிரைவர். யார்டுக்குள் நான் திருப்பிவிட்ட பக்கம்தான் அவருடைய இன்ஜின் போகும். வீட்டுக்கு வந்துவிட்டால் அவர் இருக்கிற பக்கம்தான் என் கண் போகும்.

அந்த லைனில் செடி வளர்ப்பதே பெரிய பாடு. ஒரு பக்கம் கடல் காற்று, இன்னொரு பக்கம் கரிப்புகை. துவைத்துப் போட்ட வேட்டி காய்வதற்குள் சாம்பல் பூத்துவிடும். ஜன்னல் கம்பியை நக்கினால் உப்புக் கரிக்கும். ஒரு முழம் தோண்டினால் கிளிஞ்சல்தான் வரும். இருந்தும் ஒரு மழைக்காலத்தில் நானும் அவரும் ஒரே கூடைக்காரியிடம், ஒரே காலை நேரத்தில், ஆளுக்கொரு முல்லைப் பதியன் வாங்கினோம். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தவன் நான். மிச்சம் இருந்ததை அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு வருஷத்தில் அவருடையது பந்தல் போட்டு, பந்தல் போதாமல் வேலிமேல் சாய்ந்து நின்றது. என்னுடையது நாலு குச்சியும் கொஞ்சம் இலையுமாக, சுகமில்லாத ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றது.

வேலி என்றேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் யாரும் சுவர் எழுப்பவில்லை. குடியிருந்தவர்களே சவுக்குக் கட்டை நட்டு, கழித்துப் போட்ட சிக்னல் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்ட வேலிதான். அதற்கு லைனில் ஒரு வழக்கம் இருந்தது. கொடி யாருடையதாக இருந்தாலும் சரி, வேலிக்கு எந்தப் பக்கம் காய்க்கிறதோ அந்தப் பக்கத்து வீட்டுக்குச் சொந்தம். ஒரு வீட்டுப் பூசணி அடுத்த வீட்டுக்குள் போய்க் காய்த்தால் அவர்கள் அறுத்துக் குழம்பு வைப்பார்கள், இவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அதன்படி எங்கள் பக்கம் தலை நீட்டிய முல்லையை நான் தாராளமாகப் பறித்திருக்கலாம். ஆனால் எனக்கு ரோஷம். தினம் காலையில் அந்தத் தளிர்களை ஒரு குச்சியால் அவர் பக்கமே தள்ளிவிடுவேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, “இன்னா பாயிண்டு, கொடிக்குக்கூட லைன் திருப்பிவுட்றியா?” என்பார். கிண்டல் என்றால் அவருக்கு அவ்வளவு இஷ்டம்.

இந்த நிலையில்தான் உங்களில் மூத்தவள் அம்மா வயிற்றில் வந்தாள். ஏழாம் மாதத்தில் பூ முடிப்பது நம் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். தலை பின்னி, உச்சியிலிருந்து நுனிவரை முல்லை மொட்டை வரிசையாக வைத்துத் தைத்து, லைன் பெண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து நலங்கு வைத்துப் பாடுவார்கள். அம்மாவுக்குத் தாயார் இல்லை. செய்ய வேண்டியதெல்லாம் நான்தான். ஆவணியில் நாள் பார்த்தாயிற்று. ஒரு நாள் அவள் அரிசி புடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். “பூவுக்கு டிரைவர் வூட்டு அக்காகிட்ட சொல்லி வச்சுட்டேங்க. பந்தல் முச்சூடும் உனக்குத்தான்னு சொல்லிகீறாங்க.”

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. “ஒரு மொட்டுகூட அந்த வூட்லேர்ந்து வரக்கூடாது. உனக்கு முடிக்கிற பூ நம்ம வூட்டுப் பூவாத்தான் இருக்கும்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, “பாயிண்டு வூட்ல முல்லை பூத்துச்சுன்னா நான் இங்கேர்ந்து எண்ணூர் வரிக்கும் இன்ஜினை ரிவர்ஸ்லயே ஓட்றேன்டா!” என்றார். அக்கம்பக்கத்தில் நாலு வீடு சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. தலைப்பிள்ளைக்குப் பூ முடிக்கிற காரியத்தில் சபதமா போடுவது என்று முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கவும் எனக்கு வழியில்லை. நாலு வீடு கேட்டாயிற்றே.

அன்றிலிருந்து வார ஓய்வு நாளெல்லாம் தோட்டம் தோட்டமாகப் போனேன். பூச்செடி யார் வீட்டில் நன்றாக இருக்கிறதோ அங்கே போய் நிற்பது, மண்ணைப் பார்ப்பது, எத்தனை வெயில் விழுகிறது என்று பார்ப்பது. துறைமுக ஆபீசுக்கு முன்னால் வட்டமாகக் கல்வாழை போட்டிருந்தார்கள். அது யாருக்கும் சொந்தமில்லாத செடி என்பதால் அதைப் பார்க்கும்போது மட்டும் என் வயிறு எரியவில்லை. திருவொற்றியூர்க் கோயில் நந்தவனத்தில் நந்தியாவட்டையும் அரளியும் பார்த்தேன். சாமிக்குப் பூக்கிற செடியோடு போட்டி போட முடியாது என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். ஆனால் மனுஷர்கள் வளர்த்த தோட்டம் ஒவ்வொன்றும் என்னைச் சுட்டது. நல்ல செடியைப் பார்த்தால் சந்தோஷம் வரும் என்பார்கள். எனக்கு முதலில் வந்தது, இது ஏன் என் வீட்டில் இல்லை என்கிற எண்ணம்தான். அதற்குப் பிறகுதான் இலை எப்படி, மண் எப்படி என்று கண் திறக்கும். அந்த எரிச்சல் இல்லாவிட்டால் நான் அவ்வளவு கூர்ந்து பார்த்திருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

வடக்கே போகும் லைனில் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரம் ஓரமாகச் செங்கல்லைச் சாய்த்து நட்டு, வெள்ளையடித்து, உள்ளே குரோட்டனும் சீமை ரோஜாவும் வைத்திருந்தார். நான் யார்டு ஆள் என்று தெரிந்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்பப்போ இங்கே வேகன் கொண்டு வர்ற உங்க ஷண்டிங் டிரைவர் ஒருத்தர் இருக்காரே, அவர்கிட்ட சொல்லி வை. சிக்னல் விழுந்து அஞ்சு நிமிஷம் ஆனாலும் இன்ஜினை நகர்த்த மாட்டேங்கறார். கழுத்தை நீட்டி என் ரோஜாவையே பார்த்துண்டு நிக்கறார். கண்ணு பட்டு நேத்திக்கு ஒரு கிளை ஒடிஞ்சு போச்சு” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பந்தல் நிறைய முல்லை வைத்திருக்கிறவர் இங்கே வந்து என்னத்தைப் பார்க்கிறார்? பொறாமையிலும் அவர் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தோன்றியது.

அதற்கு அடுத்த வாரம் எண்ணூர். கழிமுகத்து ஓரமாகத் துரைமார் கட்டிய பங்களாக்கள் அப்போதுதான் நம் ஊர்ப் பணக்காரர்கள் கைக்கு மாறிக்கொண்டிருந்தன. அதில் ஒரு பங்களாவின் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். புல்தரை, அல்லித் தொட்டி, வளைவு வளைவாகக் காகிதப்பூ. தோட்டக்காரரிடம், “இவ்ளோ அழகா வச்சுகீறியே, உனக்கு இன்னா குறை?” என்று கேட்டுவிட்டேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு அலுத்துக்கொண்டார். “எங்கே நைனா! வூட்டம்மா ரயில்ல போவசொல்ல ராயபுரம் லைன் வூட்ல ஒரு முல்லைப் பந்தலைப் பாத்துட்டாங்களாம். அன்னிலேர்ந்து ஒரே பேஜாரு. அந்த மாரி ஏன் நம்ம வூட்ல இல்லன்னு தெனம் என் உசுர வாங்கறாங்க.” நான் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. எங்களுடையது மாதிரி லைன் வீடா அது? கடலைப் பார்த்து வராந்தா உள்ள பங்களா! அதற்குள்ளும் போய் எரிகிறது எங்கள் பக்கத்து வீட்டு முல்லை. திரும்பி வரும்போது ரயில் எங்கள் லைனைத் தாண்டியது. ஜன்னல் வழியாக நானும் பார்த்தேன். அந்த அம்மாள் சொன்னதில் தப்பே இல்லை. கரிப்புகைக்கு நடுவில் அது ஒன்றுதான் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் என் வீடு இருப்பதே தெரியவில்லை.

கடைசியாகத்தான் மாதா கோயில் வளாகத்துக்குப் போனேன். அங்கே ரோஜாச் செடிக்குப் பள்ளம் பறித்துக்கொண்டிருந்த ஆள், பக்கத்துக் குப்பத்துக்காரர், ஒரு கூடை மீன் தலையை அதில் கொட்டினார். “இதான் உரம். மீன் தலைக்கு நம்மூர்ல பஞ்சமா? பச்ச மீனாப் பொதை, மேல மண்ணைத் தள்ளு, நாயி தோண்டாம பாத்துக்க” என்றார். அவ்வளவுதான் விஷயம். நான் அதை அப்படியே செய்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அப்போது ஆடி மாதம் பாதி. என் முல்லையும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மாதம்தான் முதல் தடவையாக நுனிக்கு நுனி மொட்டு வைத்திருந்தது. சும்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்தாலே ஒரு சின்னப் பின்னலுக்குத் தேறும். ஆனால் எனக்குச் சின்னப் பின்னல் போதவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்தை மிஞ்ச வேண்டும்.

பச்சை மீனே இவ்வளவு வேலை செய்யுமென்றால், காய்ந்து இறுகின மீனில் சாரம் இன்னும் எவ்வளவு இருக்கும் என்று யோசித்தேன். எட்டாம் வகுப்புப் படிப்புக்கு அந்த யோசனை மிகவும் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. காசிமேட்டில் கருவாடு காயப்போடுகிற மணலில் தூளும் வாலும் கொட்டிக் கிடக்கும். கேட்டால் சும்மாவே அள்ளிக்கொள் என்பார்கள். ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்து முல்லையின் வேரைச் சுற்றிப் புதைத்துத் தண்ணீரும் விட்டேன். கருவாடு என்றால் மீன் மட்டும் இல்லை, அதில் பாதிக்குப் பாதி உப்பு என்பது, பிறந்ததிலிருந்து கருவாடு தின்று வளர்ந்த எனக்கு அந்தச் சமயத்தில் நினைவுக்கு வரவே இல்லை.

முதலில் இலை நுனி காய்ந்தது. பிறகு மொட்டெல்லாம் பழுப்பாகி, தொட்டால் உதிர்ந்தது. லைன் முழுக்க நாற்றம், பூனைகள் ராத்திரியெல்லாம் சண்டை. குடம் குடமாக நல்ல தண்ணீர் இறைத்துக் கொட்டினேன் என்று சொல்ல ஆசைதான். எங்கள் குழாயில் தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம். குடத்துக்கே வரிசை. ஒரு வாரத்தில் வெறும் குச்சி மிஞ்சியது. டிரைவர் அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து, “இன்னாடா கலீஜ் இது, செடிக்கு இன்னாடா பண்ணே?” என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பார், நாலு வீட்டுக்கும் கூப்பிட்டுச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. குச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் கிண்டல் செய்திருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

பூ முடிப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மா, “பூக்கடைல வாங்கிக்கலாங்க. அக்காகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம்தான் பார்த்தாள். அங்கே பந்தல் முழுக்க மொட்டு. என் ஒருத்தன் வாயால் அவள் தலைக்கு நேற்றைய கடைப் பூ. எனக்கு அப்போதும் பந்தல்மேல் கோபம் போகவில்லை என்பதுதான் வேடிக்கை. அது பூத்ததால்தானே இவ்வளவும் என்று நினைத்தேன்.

பூ முடிப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் யார்டில் டிரைவர் அண்ணன் இன்ஜினிலிருந்து குனிந்து, “இன்னிக்கு உனக்கு நைட்டா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “சரி, சரி” என்று விசிலை இழுத்தார். ராத்திரி முழுவதும் வேகன்களைத் திருப்பிவிட்டுவிட்டு, காலையில் பூக்கடைக்குப் போக வேண்டுமே என்ற எண்ணத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

வந்து நின்ற எனக்கு முதலில் வீடு மாறி வந்துவிட்டேனோ என்று சந்தேகம். எங்கள் பின்புறம் பெரிதாகத் தெரிந்தது. நடுவில் முல்லைப் பந்தல் நின்றது. நாலு காலும் வேரும் கொடியும் எல்லாம் வேலிக்கு எங்கள் பக்கத்தில் இருந்தன. பந்தல் நகரவில்லை. வேலிதான் நகர்ந்திருந்தது. சவுக்குக் கட்டைகளைப் பிடுங்கி, பந்தலுக்கு அப்பால், அவர் வீட்டுப் படிக்குக் கிட்டத்தில் வரிசையாக நட்டு, கம்பியையும் இழுத்து முறுக்கிக் கட்டியிருந்தது. புதுக் குழிகளைச் சுற்றி மண் இன்னும் ஈரமாக இருந்தது. டிரைவர் அண்ணன் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கால் நீட்ட இடம் இல்லாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா பாயிண்டு, பேந்தப் பேந்த முழிக்கிற? உன் வூட்டுப் பூவை எப்போ பறிக்கப் போற? வெயில் ஏறிச்சுன்னா மொட்டு வாடிப்பூடும்.”

“அண்ணே, இது...” என்றேன்.

“இன்னா இது? வேலிக்கு எந்தப் பக்கம் கீதோ அந்த வூட்டுக்குச் சொந்தம். லைன் வழக்கம் தெரியாதா உனக்கு? அப்பறம் ஒண்ணு, வெள்ளிக்கெழமையானா எங்கூட்டம்மாவுக்கு ஒரு முழம் வந்துரணும். சொல்லிட்டேன்.”

அம்மா சத்தம் கேட்டு வெளியே வந்தாள். பந்தலைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள், ஈர மண்ணைப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “ஏங்க, ராத்திரி வேலி நடந்து வந்துச்சா?” என்று கேட்டாள். கேட்டவள் கண்ணில் தண்ணீர். அன்றைக்கு உச்சியிலிருந்து நுனிவரை, இடைவெளி தெரியாமல், எங்கள் வீட்டு முல்லைதான். தைத்துவிட்டது டிரைவர் வீட்டு அக்கா. என் சொல்லும் பொய்யாகவில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே அது எப்படி நிஜமாயிற்று என்று. ஒரு ராத்திரியில் இரண்டு வருஷத்துப் பந்தலைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் காலையில் டீ குடிக்க ஒரு மனுஷனுக்கு எப்படி முடிகிறது? அதுவரை அவருடைய செடியைப் பார்த்துத்தான் எரிந்தது. அன்றைக்கு அவர் மனசையே பார்த்து எரிந்தது. செடியையாவது நாலு தோட்டம் சுற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

அதன் பிறகு நாங்கள் வேலியைத் திருப்பி நடவில்லை. ஒன்றிரண்டு தடவை நான் பேச்சை எடுத்தபோது, “அத்த வுடு” என்று அடக்கிவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டிலிருந்து பூ போயிற்று. அம்மாவுக்குப் பிரசவமாகி மூத்தவள் தொட்டிலுக்கு வந்த பிறகு, மழை விட்டிருந்த ஒரு நாள் சாயங்காலம், நான் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தடவை கூடைக்கு மேல் பூத்திருந்தது. நிமிர்ந்தால், டிரைவர் அண்ணன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. பந்தலின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை அவர் கண் போய்ப் போய் வருகிறது. அந்தப் பார்வையை நான் கண்ணாடியில் பார்த்ததில்லையே தவிர, எனக்கு நன்றாகத் தெரியும்.

“எங்கிட்ட கீறசொல்ல இத்தினி பூக்கலையேடா” என்றார்.

“அதே கொடிதானே அண்ணே. அதே தண்ணிதான்.”

“இல்ல இல்ல. இன்னாத்தையோ போட்ற. சொல்ல மாட்டேன்ற.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, “வேலியை மறுபடியும் இந்தப் பக்கம் நட்டுரலாமா அண்ணே?” என்று கேட்டேன். நிஜமாகத்தான் கேட்டேன். அவர் பக்கத்துச் சவுக்குக் கட்டையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு, வயிற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

“போடா. குட்த்தது குட்த்ததுதான். ஆனா வயிறு எரியுதுடா. அத்த இன்னா பண்ணச் சொல்ற?”

அத்தனை காலம் நான் உள்ளே சுமந்துகொண்டு திரிந்ததை, என்னால் ஒரு தடவைகூட யாரிடமும் சொல்ல முடியாததை, அவர் வேலியோரம் நின்றுகொண்டு நாலு வார்த்தையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த நிமிஷத்திலும், பிள்ளைகளே, எனக்கு அவர்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.